மேலயும் கீழயும் அளந்த தண்ணி

உங்களுக்கும் காலு நல்லாத்தானே இருக்கு? அதான் கேட்டேன். எனக்கும் ஒண்ணுமில்ல. மகன் பிளேன் டிக்கெட்டு போடும்போதே வீல்சேருன்னு போட்டுட்டான். இங்கிலீசு வராத அம்மாமாருக்கெல்லாம் இப்ப இதான் வழியாம். இந்த வரிசைய ஒரு தடவ பாருங்க. பதினோரு வீல்சேரு. ஒருத்திக்காவது கால் நோவு இருக்கும்கிய? அந்தா அந்தச் செவத்த சேலக்காரி இப்பந்தான் பாத்ரூமுக்கு ஓடிட்டு ஓடியாந்து உக்காந்தா.

எந்தூருக்குப் போறிய? திருச்சியா. திருச்சியில எந்தப் பக்கம்? உங்க வீட்டுக்காரர் பேரு? இல்ல, சும்மாத்தான் கேட்டேன். எங்க மருமவ, "அத்தை, யாரு என்னன்னு அப்படியெல்லாம் விசாரிக்கக் கூடாது"ம்பா. விசாரிச்சா என்ன குறைஞ்சு போகுது. ஆளு யாருன்னு தெரிஞ்சாத்தானே பேச்சு வரும்.

நான் சங்கரவடிவு. ஸ்ரீவைகுண்டம். திருநெல்வேலிக்குக் கிழக்க, தாமிரபரணி ஓரம். மூத்தவன் வீட்டுல ஆறு மாசம் இருந்துட்டுப் போறேன். கலியாணமாகி ரொம்ப வருசம் கழிச்சு மருமவளுக்குப் பேறுகாலம், அதப் பாக்க வந்தது. வரும்போது ரெண்டு பேரா வந்தோம். போகும்போது ஒத்தையில போறேன்.

சே சே, அப்படியெல்லாம் இல்ல. அவுக நல்லாத்தான் இருக்காவ. ரெண்டு மாசத்துக்கு முந்தியே ஊருக்குப் போயிட்டாவ, அம்புட்டுத்தான். அன்னையிலேருந்து எங்கூடப் பேச்சில்ல. நாப்பத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்தின மனுசன். எல்லாம் ஒரு அருவியால வந்தது. சிரிக்கிய. நெசமாத்தான் சொல்லுதேன். ஒரு அருவியப் போய்ப் பாத்துட்டு வந்து, பதினாறு வருசத்துக்கு முந்தி வீட்ட விட்டுப் போன எங்க சின்ன மகனத் தேடுதேன்னு கெளம்பிட்டாவ.

பிள்ளை பெறந்து ஒரு மாசம் கழிச்சு மூத்தவன் சொன்னான், "அம்மா, வீட்டுக்குள்ளயே கிடக்கிய, ஒரு அருவிக்குப் போயிட்டு வருவோம்." மருமவளுக்கு அவ சிநேகிதி துணைக்கு வந்தா. நாங்க மூணு பேரும் கெளம்பினோம். அருவின்னதும் நான் என்ன நினைப்பேன்? அவனுக்குப் பேரே குத்தாலிங்கம். குத்தாலத்துல வேண்டிப் பெத்த பிள்ள. நான் எண்ணெ, சீயக்காய், துண்டு, மாத்துச்சேல எல்லாத்தையும் ஒரு பையில வச்சேன். புளியோதரை கிண்டினேன். நாலு மணி நேரம் காரு. எறங்கி ஒரு மைலு காட்டுக்குள்ள நடை. அப்புறம் இருநூறு மரப்படி கீழ எறங்கணும். அங்க போய்ப் பாத்தா அருவிக்குப் பக்கத்துல விட மாட்டானாம். தடுப்புக்கு இங்குட்டு நின்னு பாத்துட்டுப் போகணுமாம். "குளிக்காத அருவிக்கு எதுக்குய்யா இம்புட்டு தூரம்"னு கேட்டேன். எண்ணெப் பையோட நின்னுக்கிட்டிருக்கேன்.

ஆனா அது வேற மாதிரி அருவிதான். அதச் சொல்லணும். ஆறு வந்து ஒரு பாறையில முட்டி ரெண்டாப் பிரியுது. ஒரு பக்கத்துத் தண்ணி எல்லா அருவியும் போல விழுந்து ஓடிப்போகுது. இன்னொரு பக்கத்துத் தண்ணி ஒரு குழிக்குள்ள விழுது. உரல் மாதிரி உருட்டுக் குழி, ஆனா ஒரு வீட்டையே உள்ள இறக்கலாம். அதுக்குள்ள விழுததோட சரி. நெரம்பவும் இல்ல, வழியவும் இல்ல. பாதி ஆறு உள்ள போயிக்கிட்டே இருக்கு.

மூத்தவன் சொன்னான், அந்தப் பாறையெல்லாம் நூறு கோடி வருசத்துக்கு முந்தி எரிமலைக் குழம்பா ஓடி ஆறினதாம். அதைத் தண்ணி கல்லப் போட்டு அரைச்சு அரைச்சுக் குடைஞ்சிருக்காம். நூறு கோடி வருசம், யாரு கூட இருந்து பாத்தா. உள்ள போற தண்ணி எங்க போகுதுன்னு ரொம்ப காலம் ஒருத்தருக்கும் தெரியலையாம். பந்து போட்டாங்களாம், சாயம் கரைச்சு ஊத்தினாங்களாம், கட்டையத் தூக்கிப் போட்டாங்களாம். ஒண்ணும் வெளிய வரலன்னு கதை சொல்லுதாங்க. அதனால பிசாசோட கொப்பரைன்னு அதுக்குப் பேரு.

அவுக ஒரு சிரிப்பு சிரிச்சாவ. "சாயம் போட்டா எப்படித் தெரியும்? மேல அளக்கணும், கீழ அளக்கணும்"னாவ.

அவுக ஓவர்சியர். முப்பத்திமூணு வருசம் வாய்க்கால் தண்ணிதான் வேலை. கடைமடைக்காரங்க வந்து வீட்டு வாசல்ல சத்தம் போடுவாங்க, எங்க வயலுக்குத் தண்ணி வரலைன்னு. நெலம் குடிச்சிருச்சுன்னு ஒருத்தன் சொல்லுவான், வெயில்ல காஞ்சிருச்சுன்னு ஒருத்தன் சொல்லுவான். அவுக யாரு பேச்சையும் கேக்க மாட்டாவ. நேரா மேல போவாவ, அணைக்கட்டுல எம்புட்டு விட்டிருக்குன்னு அளப்பாவ. கீழ வந்து அளப்பாவ. "தரை குடிக்கதுக்கு ஒரு அளவு இருக்கு. அதுக்கு மேல குறைஞ்சா நடுவுல எவனோ கரைய வெட்டித் திருப்பியிருக்கான். தண்ணி காணாமப் போகாது." இதை எங்க வீட்டுல சோறு திங்கையில, கல்யாண வீட்டுல, எல்லா இடத்துலயும் சொல்லுவாவ. எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

அங்கயும் ஆரம்பிச்சுட்டாவ. எழுவத்தோரு வயசு. அருவிக்கு மேல ஆறு சமமா ஓடுத இடத்துக்கு இருநூறு படியும் ஏறிப் போய், அகலத்தைக் கண்ணால மட்டம் பாத்து, ஊனிட்டு வந்த கம்பை விட்டு ஆழம் பாத்து, நான் கொண்டு போன ஆரஞ்சுப் பழத்த உரிச்சு அந்தத் தோலத் தண்ணியில போட்டுட்டு, கைக்கடியாரத்தப் பாத்துக்கிட்டே கரையோடயே நடக்காவ. இத்தன அடி போக இத்தன செகண்டு. ஒரு தடவ இல்ல, பத்துப் பதினஞ்சு தடவ. டிஷ்யூ பேப்பருல எழுதுதாவ. அப்புறம் மறுபடி கீழ எறங்கி, அருவிக்குக் கீழ கொஞ்ச தூரம் போயி, அங்கயும் அதே கூத்து. வெள்ளக்காரங்க நின்னு பாக்குதாங்க. மூத்தவன், "அப்பா, போதும்ப்பா, எல்லாரும் பாக்காங்க"ன்னு கெஞ்சுதான். நான் புளியோதரையும் திங்காம உக்காந்திருக்கேன்.

ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்து சொன்னாவ, "ரெண்டும் ஒண்ணுதான். எல்லாத் தண்ணியும் இங்கதான் இருக்கு. குழிக்குள்ள போனது அடியோட போயி ஆத்துலயே கலந்திருது. எங்கயும் போகல." மூத்தவன் போன்ல பாத்துட்டு, "ஆமாப்பா, பெரிய படிப்புப் படிச்ச ஆளுங்க மெசின வச்சு அளந்து இதையேதான் சொல்லியிருக்காங்க"ன்னான். அவுக மூஞ்சியப் பாக்கணுமே. பரிச்சையில பாஸான பிள்ள மாதிரி. நானும் சிரிச்சேன். நாங்க சேந்து சிரிச்சது அதான் கடைசி.

படி ஏறி வரும்போது பாதியில ஒரு பெஞ்சு. மூத்தவன் முன்னால போயிட்டான். நாங்க ரெண்டு பேரும் மூச்சு வாங்க உக்காந்தோம். அவுக ஆத்தையே பாத்துக்கிட்டு இருந்தாவ. அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா வத்திட்டு. அப்புறம் என்னப் பாக்காமலே கேட்டாவ, "வடிவு, பதினாறு வருசமா ஆவுடை ஒரு கடுதாசி கூடப் போடலன்னு சொன்னியே. அவன் எழுதாம இருக்கிறவன் இல்லையே. நடுவுல யாரு வெட்டினா?"

ஆவுடையப்பன்தான் எங்க சின்னவன். அவனப் பத்திச் சொல்லுதேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. இருபத்திநாலு வயசுல ஒரு பிள்ளையக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிக்கான். கலைவாணின்னு பேரு, டீச்சருக்குப் படிச்சவ. பிள்ள நல்ல பிள்ளதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா காலனித் தெருப் பிள்ள. நீங்களே சொல்லுங்க, மூத்தவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கிற நேரம். இது வெளிய தெரிஞ்சா அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? என்ன, தலைய ஆட்ட மாட்டேங்கிய. சரி, விடுங்க.

ஆனா ஒண்ணு. அவன வெளிய போகச் சொன்னது நான் இல்ல. அவுகதான். அன்னைக்கு அவுகளுக்கு வந்த கோவம், யாராலயும் பக்கத்துல போக முடியல. நேரா ஆத்துக்குப் போயி, படித்துறையில எல்லாரும் பாக்க மூணு முங்கு முங்கி, "எனக்கு இனிமே ஒரே மகன்தான்"னு சொல்லிட்டு ஈரத்துணியோட தெரு வழியா நடந்து வந்தாவ. உசிரோட இருக்கிற பிள்ளைக்குத் தலைமுழுகினது அவுக. நான் வீட்டுக்குள்ள உக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன். அப்ப யாரு வெட்டினது? சொல்லுங்க.

தலைமுழுகின மனுசனுக்கு மூணாம் மாசமே மனசு இளகிட்டு. அது எனக்குத் தெரியாதா. சாயங்காலம் ஆபீசுல இருந்து வந்ததும் சைக்கிள நிறுத்துததுக்கு முன்ன, "போஸ்ட் ஏதும் வந்துச்சா"ன்னு கேப்பாவ. யாருகிட்ட இருந்துன்னு கேக்க மாட்டாவ. நானும் சொல்ல மாட்டேன். "இன்சூரன்ஸ் நோட்டீசு"ன்னுவேன், "கோயில் பத்திரிகை"ன்னுவேன். வந்துச்சு. வராம இல்ல. மொதக் கடுதாசி அந்த மூணாம் மாசமே வந்துச்சு. ரெண்டாவது அடுத்த வருசம், உள்ள ஒரு போட்டோ. பொட்டப் பிள்ள. நெத்தி அப்படியே அவுக நெத்தி. மூணாவது அதுக்கடுத்த ரெண்டு வருசத்துல. மூணையும் வெந்நி அடுப்புல போட்டேன். ஒரு தடவ வீட்டுப் போனுக்கும் கூப்பிட்டான். "அம்மா"ன்னான். நான் ராங் நம்பருன்னு வச்சுட்டேன். வச்சுட்டு, அந்தப் போனு பக்கத்துலயே சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். மறுபடி அடிக்கல.

என்ன அப்படிப் பாக்கிய. மொதக் கடுதாசி வந்தப்ப மூத்தவனுக்குப் பூ வைக்கப் போற நேரம். ரெண்டாவது வந்தப்ப மருமவ வீட்டுக்காரங்க எங்க வீட்டுல வந்து தங்கியிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்துச்சு. இந்தக் காரியம் முடியட்டும், பைய சொல்லிக்கிடலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் சொன்னா முன்ன ஏன் சொல்லலன்னு கேப்பாவல்லா. அந்தக் கேள்விக்குப் பயந்தே வருசம் ஓடிப்போச்சு. தலைமுழுகின மனுசன் வார்த்தையக் காப்பாத்தினேன்னு வச்சுக்கோங்க. நான் அப்படித்தான் வச்சுக்கிட்டேன்.

பெஞ்சுல வச்சு அவுக கேட்டதும் எனக்குப் பொய் வரல. நாலு மணி நேரம் காரு, இருநூறு படி ஏத்தம், மனுசிக்குத் தெம்பு வேணும்ல பொய் சொல்ல. "மூணு வந்துச்சு"ன்னேன். போட்டோவப் பத்தியும் சொன்னேன். போனு வந்ததையும் சொன்னேன். திட்டுவாவன்னு இருந்தேன். திட்டல. "எந்த ஊரு முத்திரை"ன்னு கேட்டாவ. "கோபிச்செட்டிபாளையம்"னேன். "வேற ஏதும் வந்துச்சா"ன்னு கேட்டாவ. "வேற இல்ல"ன்னேன். அம்புட்டுத்தான். கம்ப ஊனி எந்திரிச்சுப் படி ஏறிப் போயிட்டாவ.

அன்னையிலேருந்து பேச்சில்ல. மூத்தவன்கிட்ட டிக்கெட்டு போடச் சொன்னாவ. வீல்சேரு வேண்டாம்னுட்டாவ. மூத்தவன் பேருக்கு, "ஏம்ப்பா, பிள்ளைக்கு மூணு மாசம் ஆகட்டுமே"ன்னான். அவனுக்கு என்ன, தம்பி விசயத்துல நமக்கு எதுக்கு வம்புன்னு இத்தன வருசம் இருந்துட்டவன். நான் கூடப் போக முடியுமா? பச்சப் பிள்ளைக்காரிய விட்டுட்டு எப்படிப் போக. அவுக மட்டும் போனாவ.

போயி, கோபியில ஒரு லாட்ஜு எடுத்துத் தங்கியிருக்காவ. எழுவத்தோரு வயசு மனுசன், தெரியாத ஊருல, ஓட்டல் சோறு. மூத்தவனுக்கு மட்டும் போன் பண்ணுவாவ. நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிடுவேன். ஆவுடை பேரச் சொல்லிக் கேட்டா யாருக்கும் தெரியலையாம். அவன் ஊருக்குப் புதுசா வந்தவன்தானே, கடைக் கண்ணி ஏதும் வச்சவனும் இல்ல. அப்புறம் அந்தப் பிள்ள டீச்சருக்குப் படிச்சது ஞாபகம் வந்து, ஒவ்வொரு பள்ளிக்கூட வாசலா நின்னு, கலைவாணி டீச்சர் இருக்காங்களான்னு கேட்டிருக்காவ. வாய்க்கால் கரைய நடந்து பாக்குத மாதிரி ஒரு கிராமம் விடாம. அப்படியே ஒண்ணரை மாசம். முந்தாநேத்து ஒரு பள்ளிக்கூடத்துல, "டீச்சர் லீவுல இருக்காங்க, வீடு இந்தத் தெரு"ன்னு எழுதிக் குடுத்துட்டாங்க.

மூத்தவன் சந்தோசமாச் சொன்னான், "அம்மா, அப்பா கண்டுபிடிச்சிட்டாங்க." எனக்குக் கையில இருந்த பால் பாட்டில் கீழ விழுந்துட்டு.

நீங்க தாய்தானே. உங்களுக்கு எத்தன பிள்ள? ரெண்டா. இதை நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. மூத்தவனுக்குத் தெரியாது. அவுகளுக்குத் தெரியாது. நீங்க திருச்சியில எறங்கிப் போயிருவிய, நான் யாரோ நீங்க யாரோ.

மூணு இல்ல. நாலு வந்துச்சு.

நாலு வருசத்துக்கு முந்தி. அப்ப அவுக ரிட்டயராகி ரொம்ப வருசம். காலையில ஆத்துப் பக்கம் நடக்கப் போயிருவாவ. அந்த நேரத்துல போஸ்ட்மேன் ஒரு கவரக் குடுத்துட்டுப் போனான். பொம்பள எழுத்து. வாசல்ல நின்னே பிரிச்சேன். உள்ள ஒரு அட்டை. நாலு முனையிலயும் கருப்பு மை தடவியிருந்துச்சு. மேல அவன் போட்டோ. மீசை வச்சிருந்தான். மீசை வச்சு நான் அவனப் பாத்ததே இல்ல. கீழ பேரு, வயசு முப்பத்தாறு, கருமாதி தேதி. எப்படிச் செத்தான்னு போடல. அதெல்லாம் அதுல போட மாட்டாங்கல்லா. இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, என் பிள்ளைக்கு என்ன வந்துச்சுன்னு.

கருமாதிப் பத்திரிகைய வீட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாது, படிச்ச எடத்துலயே கிழிச்சுப் போட்டுரணும். உங்க பக்கமும் அப்படித்தானே? நான் கிழிச்சேன். கை தன்னால கிழிச்சிட்டு. போட்டோ இருந்த பக்கத்தையாவது எடுத்து வச்சிருக்கலாம். அது அப்புறந்தான் தோணுச்சு. அதுக்குள்ள சாக்கடையில போயிட்டு. புறவாசலுக்குப் போயி வாளி வாளியா எடுத்துத் தலையில ஊத்தினேன். அழுதேனா, தண்ணிதானான்னு எனக்கே தெரியாது. அவுக வந்து, "என்ன இந்த நேரத்துல தலைக்குக் குளிச்சிருக்க"ன்னாவ. பல்லி விழுந்துட்டுன்னேன்.

"வழியில போஸ்ட்மேனப் பாத்தேன், ஏதோ பத்திரிகை வந்துச்சாமே"ன்னாவ.

"ஆமா, கல்யாணப் பத்திரிகை. எங்க சித்தி வழியில, தூரத்துச் சொந்தம்"னேன்.

"போகணுமா?"

"வேண்டாம். ரொம்ப தூரம்"னேன். ஈரத்தலையோட போயி அவுகளுக்கு இட்லி எடுத்து வச்சேன். நாலு வருசமா இதை நெஞ்சுல வச்சுக்கிட்டு நடமாடுதேன். அவுகளாவது அவன் எங்கயோ நல்லாருக்கான்னு நினைச்சுக்கிட்டு இருக்கட்டுமேன்னு. அது தப்பா? இதப் படிச்சு நான் ஒருத்தி செத்தது போதாதா, அவுகளும் சாகணுமா?

பெஞ்சுல, "வேற ஏதும் வந்துச்சா"ன்னு கேட்டப்பவே சொல்லியிருக்கலாம். வாய் தொறந்தேன். அவுக மூஞ்சி அப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா. தண்ணி காணாமப் போகலைன்னு அளந்து பாத்துட்டு வந்த மூஞ்சி.

ஒரு மணி நேரத்துக்கு முந்தி, இந்த வண்டி தள்ளுத பிள்ள, கேரளாக்காரி, போன்ல நெட்டு போட்டுக் குடுத்தா. அங்க இப்ப விடிஞ்சு ஒம்பது மணி. என்ன ஆனாலும் சொல்லிரணும்னு அவுக நம்பர அமுக்குனேன். எடுக்க மாட்டாவன்னு நினைச்சேன். எடுத்துட்டாவ. ரெண்டு மாசத்துக்கு அப்புறம் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாவ.

"வடிவு, தெருவுக்கு வந்துட்டேன். நாலாவது வீடு. பச்ச கேட்டு. இங்கனயிருந்தே தெரியுது. பேத்திக்கு இப்ப பதினாலு வயசு இருக்கும்னு கணக்குப் போட்டு ஒரு பாவாடை சட்டை எடுத்திருக்கேன், சின்னதாப் போச்சுன்னா மாத்திக் குடுப்பானாம். அவனுக்குச் சீரணி மிட்டாய் ஒரு கிலோ. உம்மேல எனக்கு இப்ப கோவம் இல்ல வடிவு. தலைமுழுகினது நான்தானே. அவன் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துருதேன். நீ வரும்போது எல்லாரும் வீட்டுல இருப்போம்"னாவ. மூச்சு விடாம பேசுதாவ. கலியாணம் ஆன புதுசுல கூட அவுக அப்படிப் பேசினதில்ல.

நான் சொல்லணும். அந்தக் கேட்டத் தொறக்கதுக்கு முன்ன சொல்லணும். வாயில வந்து நிக்கி. போன இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, என்ன கேட்டேன் தெரியுமா? "சாப்பிட்டியளா?"ன்னு கேட்டேன்.

"இல்ல. எம்மவன் வீட்டுல போயிச் சாப்பிட்டுக்கிடுதேன்"னு சொல்லி வச்சுட்டாவ.